மூடி நல்லாப் பொருந்தியிருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்ததும், பெரிய தட்டில் கேக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி. மேலே மாப்பிள்ளை பெண் பெயர் ஸ்டிக்கரில். எடுத்த கையோடு நான் செய்த காரியம் என்ன தெரியுமா? மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, அதன் அடியில் நம்பர் தேடினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்மணி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "திகதி பாக்குறீங்களா? நேத்துச் செஞ்ச கேக்தாங்க, பழுதாப் போயிருக்காது" என்றார். அவர் பெண்வீட்டுக்காரராம். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்ல? உங்களுக்குச் சொல்கிறேன். நான் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகாத ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் நாட்டில் கல்யாண வீட்டிலிருந்து சாப்பிடாமல்கூட வந்துவிடலாம், கேக் பெட்டி இல்லாமல் வரமுடியாது. சிங்களவர், முஸ்லிம்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்கள், நாங்கள் என்ற பேதமே இதில் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. அதற்குள் முந்திரிப்பருப்பும் ரவையும் போட்டுக் கறுகறுவென்று செய்த, விரல் நீளத்துக் கேக் துண்டு. கல்யாணமாகாத பெண்கள் அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் வரப்போகிறவன் கனவில் வருவான் என்று ஒரு கதை உண்டு. நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். எறும்புதான் வந்தது.

அந்தப் பெட்டிகளுக்கு அலங்காரம் செய்கிற இடத்தில்தான் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ஒரு கருவாட்டுக் கடையின் மேல்மாடி. ஆமாம், கருவாட்டுக் கடை. கீழே கட்டாக் கருவாடு, மேலே கல்யாணக் கேக் பெட்டி. வார்னிஷ் வாசமும் கருவாட்டு வாசமும் படிக்கட்டில் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். முதல் நாள் ஏறிப்போனபோது, இந்தப் பெட்டியில் வைத்த கேக்கை யார் தின்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வார்னிஷ் காய்ந்துவிட்டால் பெட்டியில் ஒரு வாசமும் நிற்காது. நின்றதெல்லாம் எங்கள் தலைமயிரில்தான். தங்கியிருந்த அறைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு மகாராணி மாதிரிப் போவேன்.

இடத்தின் சொந்தக்காரி மடவளையைச் சேர்ந்த பரீதா தாத்தா. தாத்தா என்றதும் வெள்ளைத் தாடியை நினைத்துவிடாதீர்கள். அங்கே அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். நாற்பது வயது இருக்கும். பேசினால் கீழே கருவாடு வாங்க வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். கோபம் வந்தால் இரண்டு நிமிஷம் கத்துவார், மூன்றாவது நிமிஷம், "சாப்பிட்டயா புள்ள?" என்பார். வேலைக்கு இரண்டே பேர். ஒன்று நான், மற்றது வதனி. வதனி பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். கண்டியில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தாள். தாத்தா ஒரு தமிழ் பேசுவார், வதனி ஒரு தமிழ் பேசுவாள், நான் தோட்டத்துத் தமிழ் பேசுவேன். மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கிறபோது மட்டும் ஒரே பாஷைதான்.

நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். அப்பா கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. எனக்குப் பத்தொன்பது வயது. டவுனில் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய அமளி. அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அப்பாதான் ஒரு தீர்ப்புச் சொன்னார்: "மூணு மாசம் இருந்து பாரு. மூணு மாசம் முடியிறப்ப நானே நேர்ல வந்து பாப்பேன். சரிவரலைன்னா பேசாம என்கூடக் கௌம்பி வந்துடணும்." வீட்டுக்குப் போனால் கொழுந்துக் கூடை, இல்லாவிட்டால் அத்தை மகன். அத்தை மகனைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்வதற்கில்லை, நல்ல பையன்தான். சாப்பிடும்போது மட்டும் சத்தம் வரும். எனக்கோ கட்டுகஸ்தோட்டை பைத்தியமாகப் பிடித்துப்போயிருந்தது. பாலம், பஸ் இரைச்சல், அந்த நாறல் படிக்கட்டு, எல்லாமே. அந்த மூன்று மாதத்தையும் நான் விரல் மடக்கித்தான் கழித்தேன்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். பலகையை அறுத்து ஒட்டிப் பெட்டியாக்குவது மடவளையில் ஒரு தச்சுப் பட்டறை. எங்களிடம் வரும்போது அவை மொட்டையாக, வெளிறிப்போய் இருக்கும். கையால் அறுத்தது ஆகையால் ஒரு பெட்டியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. அதனால் வந்ததும் முதல் வேலை, மூடிக்கு அடியிலும் பெட்டிக்கு உள்ளேயும் பென்சிலால் ஒரே நம்பரை எழுதுவது. அந்தப் பழக்கம்தான் போன ஞாயிற்றுக்கிழமை என் மானத்தை வாங்கியது. பிறகு சேன்ட் பேப்பரால் தேய்ப்போம், பெயின்ட் அடிப்போம், அதன்மேல் பூக்கொடி வரைவோம். கொடி பெட்டியின் அடியில் முளைத்து, பக்கவாட்டில் ஏறி, மூடிமேல் போய்ப் பூக்க வேண்டும். மூடியைத் தனியாக வைத்து வரைந்தால் கொடி இடையில் முறிந்து நிற்கும். ஆகையால் மூடியைப் போட்டபடிதான் வரைய வேண்டும், போட்டபடிதான் வார்னிஷும் அடிக்க வேண்டும்.

மூடியைப் போட்டபடி வார்னிஷ் அடித்தால் ஒட்டிக்கொள்ளாதா? அங்கேதான் தாத்தாவின் மூளை. சோற்றுப் பார்சல் கட்டுகிற லன்ச் ஷீட் தெரியுமல்லவா, அந்த மெல்லிய பொலித்தீன் தாள்? அதை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, பெட்டி விளிம்பைச் சுற்றி வைத்து மூடியை அழுத்திவிடுவோம். வார்னிஷ் காய்ந்ததும் மூடி 'பொளக்' என்று கழன்று வரும். அந்தச் சத்தம் கேட்பதற்காகவே நான் ஒரு பெட்டியை நாலு தடவை திறந்து மூடுவேன். "புள்ள, அது பெட்டியா, கிலுகிலுப்பையா?" என்று தாத்தா சத்தம் போடுவார்.

என் மூன்று மாதம் முடிகிற வாரத்தில்தான் அந்தப் பெரிய ஓடர் வந்தது. இருநூற்றைம்பது பெட்டி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை பகல் பெண்வீட்டார் வந்து ஏற்றிப்போவார்கள். அதே சனிக்கிழமை காலையில் அப்பா வருகிறார். நான் அவருக்குப் போனில் அளந்த அளப்பைச் சொன்னால் வெட்கக்கேடு. "நான் இல்லைன்னா இங்க ஒரு வேலையும் ஓடாதுப்பா" என்று சொல்லிவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை. கொடியெல்லாம் வரைந்தாகிவிட்டது, வார்னிஷ் மட்டும் பாக்கி. அன்றைக்கென்று பார்த்துத் தாத்தாவின் தம்பிக்கு ஆண்பிள்ளை பிறந்து, மடவளையிலிருந்து ஒரு அண்டா புரியாணி வந்து இறங்கியது. நாங்கள் இரண்டு பேர், புரியாணியோ இருபது பேருக்கு. தாத்தா பிள்ளையைப் பார்க்கப் போகிற அவசரத்தில், "திண்டுட்டு மிச்சத்தச் சுத்தி ஈக்கிற எல்லாருக்கும் குடுத்திருங்க. நாளைக்கு நான் வாரல்ல, வார்னிஷ அடிச்சு முடிச்சிருங்க" என்று படியிறங்கிவிட்டார். நானும் வதனியும் மூச்சுமுட்டச் சாப்பிட்டோம். பிறகு தர்மராசாக்கள் ஆனோம். கருவாட்டுக் கடைக்கு நாலு பார்சல், த்ரீவீல்காரர்களுக்கு ஆறு, எதிரே தையல்காரருக்கு இரண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பார்சல் பார்சலாகக் கட்டிக் கொடுத்தோம். எதில் கட்டினோம் என்று நினைக்கிறீர்கள்? லன்ச் ஷீட்டில்தான். ஒரு துண்டு மிச்சமில்லாமல்!

அப்போதாவது மண்டையில் உறைத்ததா? இல்லையே. புரியாணி மயக்கம். வதனி பாட ஆரம்பித்தாள், நான் தகர டப்பாவில் தாளம் போட்டேன். பாடிக்கொண்டே பெட்டி பெட்டியாக எடுத்து வார்னிஷ் அடித்தோம். அவள் அடிப்பாள், நான் அடுக்குவேன். பிறகு நான் அடிப்பேன், அவள் அடுக்குவாள். இவ்வளவு வேகமாக ஒருநாளும் முடித்ததில்லை. ஏன் வேகமாக முடிகிறது என்று ஒருத்தியாவது யோசித்திருக்க வேண்டும். எங்களைப்போல் கெட்டிக்காரிகள் கண்டியில் கிடையாது என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு அவரவர் தங்கும் இடத்துக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை காலை, வழக்கம்போல் அந்தப் பொளக் சத்தத்துக்கு ஆசைப்பட்டு முதல் பெட்டியை எடுத்தேன். சத்தத்தைக் காணோம். அடுத்ததை எடுத்தேன். அதிலும் இல்லை. மூன்றாவதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தேன். வதனி மேசையைப் பார்த்தாள், வெறுமையாகக் கிடந்த லன்ச் ஷீட் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எடியே, நேத்து லன்ச் ஷீட் வச்சனாங்களோ?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருநூற்றைம்பது பெட்டி, ஒன்றும் திறக்காது. நாளைக்கு அப்பா. கொழுந்துக் கூடை கண்முன்னால் வந்தது. அத்தை மகன் ரசம் உறிஞ்சுகிற சத்தம் காதில் கேட்டது. நான் ஓவென்று அழுதேன். வதனி என்னைத் தேற்ற வந்தவள், "நேத்து ஊருக்கெல்லாம் புரியாணி குடுத்த புண்ணியம் எங்களைக் காப்பாத்தும்" என்றாள். அவ்வளவுதான், அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியதென்றே தெரியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கருவாட்டுக் கடைக்காரர் கீழேயிருந்து, "மேல என்ன, யாருக்கும் வருத்தமா?" என்று சத்தம்போட்டார்.

சிரித்து முடித்துவிட்டுத்தான் மூளை வேலை செய்தது. கேத்திலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி காட்டினோம். வார்னிஷ் வெளுத்ததே தவிர மூடி அசையவில்லை. கத்தி வைத்தால் பெயின்ட் பெயர்ந்தது. என் இரண்டு நகம் போனது. அப்போது வதனி, மணி கோக்க வைத்திருந்த தங்கூசி நூலை எடுத்துவந்தாள். மீன்பிடிக்கிற மெல்லிய நைலோன் நூல்தான் தங்கூசி. "எங்கட ஊரில இது அறுக்காத சாமானே இல்லை" என்று சொல்லி, மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் நூலைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் இழுத்தாள். வார்னிஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொளக்! அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வதனியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

ஆனால் அறுத்த இடத்தில் பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பு. அதை எப்படி மறைப்பது? பூவுக்கு அடிக்கிற தங்க நிறப் பெயின்ட் அரை டப்பா இருந்தது. மூடி விளிம்பைச் சுற்றி மெல்லியதாக ஒரு தங்கக் கோடு போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாத்தா ஒத்துக்கொள்வாரா என்பதுதான் தெரியவில்லை. அவள் அறுக்க, நான் கோடு போட, வெள்ளி முழுக்க வேலை. சனிக்கிழமை விடிந்ததும் ஓடிவந்து மிச்சத்தையும் முடித்தோம். பட்டறையிலிருந்து எப்போதும் நாலைந்து பெட்டி கூடுதலாக வரும். அதில் ஒன்று மட்டும் என்ன செய்தும் திறக்கவில்லை. இரண்டு தடவை நூல் அறுந்தது. "அதை விடு, கோட்டை மட்டும் போடு. ஆர் கவனிக்கப் போயினம்?" என்றாள் வதனி. கோட்டைப் போட்டு மேசை ஓரத்தில் வைத்தேன்.

பத்து மணிக்குப் படிக்கட்டில் பேச்சுக் குரல். தாத்தாவும் அப்பாவும் ஒன்றாகவே ஏறி வருகிறார்கள்! கீழே வாசலில் சந்தித்து அறிமுகமும் ஆகிவிட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் ஒரு பெரிய பையோடு வந்தார். பையில் எங்கள் தோட்டத்து அவரைக்காய் கொஞ்சம். பை முக்கால்வாசி காலி. கொஞ்சம் அவரைக்காய்க்கு இவ்வளவு பெரிய பையா என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தோன்றியது.

தாத்தாவின் கண் நேரே பெட்டிகளில் போய் நின்றது. "இந்தக் கோட்ட யாரு போடச் சொன்ன?" என்றார். வதனி சுவரைப் பார்த்தாள். தாத்தா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோக்கா ஈக்கே புள்ள! இனி எல்லாத்துக்கும் போடுவம்" என்றார். அப்படியே வாயெல்லாம் பல்லாக அப்பாவின் பக்கம் திரும்பி, "இரிங்க, இரிங்க. ஒங்கட மகள் செஞ்ச வேலயக் கையில எடுத்துப் பாருங்களே" என்று சொல்லி, மேசை ஓரத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

அதே பெட்டி. திறக்காத அந்த ஒன்று!

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். கொடியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். கட்டைவிரலை மூடியில் வைத்துத் தூக்கினார். வரவில்லை. கொஞ்சம் பலமாகத் தூக்கினார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைக்கே வரவில்லை. நான் மூச்சை விடவேயில்லை. அப்பா நிமிர்ந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாத்தாவிடம் அமைதியாகச் சொன்னார்:

"மூடி நல்லாப் பொருந்தியிருக்குங்க."

தாத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அத நீங்களே வெச்சுக்கோங்க" என்று அவருக்கே கொடுத்துவிட்டார். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஏற்றிவிடப் போனபோது அவரைக்காயை என் கையில் கொடுத்துவிட்டு, "இரு தாயி. வேல நல்லாத்தான் இருக்கு" என்று ஏறிப் போய்விட்டார். பஸ் பாலத்தைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு ஓடினேன் பாருங்கள் ஒரு ஓட்டம்! படிக்கட்டை மூன்று மூன்று படியாகத் தாவி ஏறி, நானும் வதனியும் கைகோத்துச் சுற்றினோம்.

தங்கக் கோட்டுக்கு அப்புறம் வந்த மவுசைக் கேட்காதீர்கள். வருகிற ஓடரெல்லாம், "அந்தக் கோடு போட்டதுதான் வேணும்" என்றுதான் வரும். "இது எங்கட ஸ்டைல்" என்று தாத்தா பெருமையடிப்பார். நானும் வதனியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்குப் படாதபாடு படுவோம். அடுத்த முறை வந்தபோது அப்பா எதுவும் தெரியாதவர்போல், "இப்படி வார்னிஷ் அடிச்சா மூடி ஒட்டிக்காதா தாயி?" என்று கேட்டார். நான் பெரிய நிபுணி மாதிரி லன்ச் ஷீட் வித்தையை அரைமணி நேரம் விளக்கினேன். அவர் உம் கொட்டிக் கேட்டுவிட்டு, ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்த மேல்மாடியில் போன் திருத்துகிறார்கள். கீழே கருவாட்டுக் கடை போய்ப் பேக்கரி வந்துவிட்டது. படிக்கட்டில் சீனிப் பணிஸ் வாசம். என்னால் சகிக்கவே முடியவில்லை. தாத்தா மகளோடு கட்டாரில் இருக்கிறார். அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். வதனி கனடாவில். மாதம் ஒருமுறை போனில், "எடியே, லன்ச் ஷீட் வச்சனாங்களோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்த லன்ச் ஷீட்டையும் அரசாங்கம் தடைசெய்துவிட்டது. இப்போது கடையில் தருவது வேறு ஏதோ. சோற்றுச் சூட்டுக்கே கிழிகிறது.

போன மாதம் அப்பாவைப் பார்க்கத் தெல்தோட்டைக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பொளக். உள்ளேயிருந்து பிரஷர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என் தங்கக் கோட்டுப் பெட்டி! பாய்ந்து வாங்கிப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றி, ஒரு விரல் அகலத்துக்கு, மஞ்சள் பாரித்துப்போய் லன்ச் ஷீட்.

"இத எப்பப்பா தொறந்தீங்க?"

"அன்னைக்கே. வீட்டுக்கு வந்து கவ்வாத்துக் கத்தியால நெம்பிட்டேன்."

"அப்ப அன்னைக்குத் தாத்தாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பொருந்தியிருக்குன்னுதானே சொன்னேன்? தொறக்குதுன்னு சொன்னேனா?" என்று சிரித்தார். பிறகு, "அன்னைக்கு ஒன் துணிமணிய எடுத்துக்கிட்டு ஒன்னையக் கூட்டியாரத்தான் அந்தப் பெரிய பையக் கொண்டாந்தேன்" என்றார்.

"அப்புறம் ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"மூடி வரலைன்னதும் ஒன் மொகத்தப் பாத்தேன். அப்படிப் பயந்துபோய் நிக்கிற. புடிக்காத வேலைக்கு யாராச்சும் அப்படிப் பயப்படுவாங்களா?"

நான் பெட்டியைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன். கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்க்கக்கூடாதே என்றுதான். அப்பா பெட்டியைத் திரும்ப வாங்கி, உள்ளே இருந்த தாளை விரலால் தடவிப் பார்த்தார். "இது ஓரமெல்லாம் கிழிஞ்சுபோச்சு தாயி. அடுத்தவாட்டி வாறப்ப டவுன்ல இருந்து ஒரு துண்டு லன்ச் ஷீட் கொண்டா" என்றார்.

கொண்டாறேன்ப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்டியில் இதுவரை பதினாறு கடை ஏறி இறங்கியாயிற்று, ஒரு துண்டு கிடைக்கவில்லை.